புழு இல்லாத புல்

மருத்துவமனையிலிருந்து வந்த உறை தடிப்பாக இருந்தது. சிவகுருநாதன் அதைப் பிரிக்கவில்லை. பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்தவர், அதைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, மகள் வரும் வரைக்கும் எதிரே உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு கைக்கு வந்த காகிதங்கள். தன் மகனைச் சரியாகப் பாராமல் வீட்டுக்கு அனுப்பிய டொக்டரின் குற்றம் அதற்குள் எங்கோ எழுதப்பட்டிருக்கும் என்று அவர் நம்பினார்.

தக்சாயினி வந்து சப்பாத்தைக் கழற்றி முடிப்பதற்குள், "பிரி பிள்ளை" என்றார். "வாசிச்சுச் சொல்லு. ஒரு சொல்லும் விடாதை."

அந்த வீட்டில் ஜெர்மன் கடிதம் வாசிப்பது அவளுடைய வேலை. ஜெர்மனியின் எசன் நகரத்துக்கு வந்த வருடம், பத்து வயதில் தொடங்கியது. மின்சாரக் கணக்கு, வெளிநாட்டவர் அலுவலகத்தின் அழைப்பு, பள்ளிக்கூட அறிவித்தல், அம்மாவின் வயிற்றுநோவு எல்லாம் அவள் வாய்வழியாகத்தான் போய் வந்தன. சொந்தமாகப் பேச அவளுக்கு அதிகம் வராது. வகுப்பில் கை உயர்த்தமாட்டாள். ஆனால் மற்றவர்களின் பேச்சை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதில் கெட்டிக்காரி. இப்போது வயது இருபத்தைந்து. வேதியியல் படித்து, குடிநீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. கடிதம் வாசிக்கும் வேலை மட்டும் மாறவில்லை.

அறுபத்து நான்கு பக்கங்கள். அவள் தேடியது மூன்றாம் பக்கத்தில் இருந்தது. இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும், அந்த வரிகளை இரண்டாம் தரம் வாசித்தாள்.

வீட்டுப் படிக்கட்டில் விழுந்ததாகத் தகவல். நினைவு தப்பவில்லை. தகவல் தந்தவர்: சகோதரி, வயது பதின்மூன்று, தந்தைக்கும் அவரே மொழிபெயர்க்கிறார்.

அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், தாதி எழுதியதாக இருக்க வேண்டும், ஒரே ஒரு வரி. தலைமுடியிலும் காலுறையிலும் கறுப்பு ரப்பர் துகள்கள்.

"என்னவாம்?" என்று சிவகுருநாதன் கேட்டார்.

எல்லாம் டொக்டர்மாரின் சொல்லாக இருக்கிறது, ஆறுதலாகத்தான் வாசிக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். அவர் தலையாட்டினார். வியாழக்கிழமை வழக்கறிஞரைச் சந்திக்க டெர்மின், அதற்குள் வாசித்துவிடு, அங்கே நீதானே கதைக்கப் போகிறாய் என்றார். அவர் முகத்தில் கிட்டத்தட்ட ஒரு சந்தோசம் இருந்தது. தேநீர் போட்டு ஒரு கோப்பையை அவள் பக்கமாகத் தள்ளினார். அவர் தேநீர் போட்டுக் கொடுப்பது அபூர்வம்.

முன்னறையில் ஐங்கரன் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு நான்கு வயது இளையவன். வலது கை மணிக்கட்டோடு மடிந்து நெஞ்சில் ஒட்டியிருக்கும். பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மற்றவர்கள் பொறுமை இழந்துவிடுவார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான பட்டறை ஒன்றில் பையொன்றுக்கு நான்கு என்று திருகாணிகளைப் போட்டு ஒட்டுவது அவன் வேலை.

வீட்டுக்கு வரும் எவரும் அவனைப் பார்த்த பிறகு அந்தக் கதையைக் கேட்டுத்தான் போக வேண்டும். சிவகுருநாதன் அதை எப்போதும் ஒரே மாதிரித்தான் சொல்வார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன், ஒரு இளம் டொக்டர் வந்தான், பிள்ளை சாப்பிட்டவனோ என்று கேட்டான், ஓம், சோறும் பருப்பும் சாப்பிட்டவன் என்று சொன்னேன். இந்த இடத்தில் அவர் குரல் இறங்கும்.

"சோறு எண்டு சொன்னவுடன சிரிச்சான். சோறு தின்னிகள் எண்ட சிரிப்பு. அந்தச் சிரிப்போடதான் அனுப்பினவன். எங்கட நிறத்தைப் பாத்தவன், பிள்ளையைப் பாக்கேல்லை."

அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் தக்சாயினி எழுந்து தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள்.

*

அந்தக் கோடையில் அவர்கள் அகதிகள் தங்கும் ஹைமில் இருந்தார்கள். நான்கு பேருக்கு ஒரு அறை. குசினி பொது, குளியலறை பொது. அவர்களுடைய அடைக்கல வழக்கு முடிவுக்கு வரும் நேரம். ஏற்கெனவே ஒருமுறை மறுத்திருந்தார்கள். சிவகுருநாதன் பிள்ளைகளை இருத்திவைத்து அடிக்கடி ஒன்றைச் சொல்வார்: பொலிஸ்காரன் கையில் எங்கள் பெயர் எழுதிய ஒரு துண்டு போனாலும் போதும், வழக்கு முடிந்தது, அடுத்த விமானம். அவர் எவ்வளவு தடவை சொல்லியிருந்தார் என்றால், சீருடை போட்ட தபால்காரரைக் கண்டாலே ஐங்கரன் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். கடிதம் கொண்டு வருகிறவரைக் கண்டு ஒளிகிறவன் என்று தக்சாயினி அவனைப் பகிடி பண்ணுவாள். உண்மையில் பயந்து ஒளிய வேண்டியது அவர் கொண்டுவரும் மறுப்புக் கடிதத்துக்குத்தான் என்பது பெரியவர்களுக்குத்தான் தெரியும்.

ஹைமிலிருந்து இரண்டு தெரு தள்ளிப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானம் இருந்தது. விடுமுறை நாள்களில் ஒருவரும் வருவதில்லை. குப்பைக் கொள்கலனுக்குப் பின்னால் கம்பி வேலி நிலத்தை விட்டுக் கொஞ்சம் எழும்பியிருந்தது. அதற்கு மேலேயே அறிவிப்புப் பலகை. உள்ளே போவது தடை, மீறினால் சட்ட நடவடிக்கை. தக்சாயினி அதைத் தம்பிக்கு வாசித்தும் காட்டினாள். பிறகு இருவரும் அதற்குக் கீழாலேயே ஊர்ந்து உள்ளே போனார்கள்.

முதல் நாள் அவர்கள் விளையாடவே இல்லை. சுற்றிப் பார்த்தார்கள். ஒரு பக்கம் கொங்கிரீட் படிகளில் பார்வையாளர் வரிசை, ஆயிரம் பேர் உட்காரலாம். வரிசைக்குக் கீழே ஒரு சின்னச் சுரங்கப் பாதை, அதற்குள் வியர்வையும் மருந்தெண்ணெயும் கலந்த மணம். உடைமாற்றும் அறைகள் பூட்டியிருந்தன. ஐங்கரனை முதுகில் ஏற்றி மேல் கண்ணாடி வழியாகப் பார்க்கவைத்தாள். உடுப்புக் கொளுவிகளும் ஒற்றைச் சப்பாத்தும் இருக்கின்றன என்று சொன்னான். உச்சியில் அறிவிப்பாளரின் கண்ணாடி அறை. அதன் கதவு பூட்டப்படவில்லை. ஒலிவாங்கிக்கு மின்சாரம் இல்லை. அதனால் என்ன, ஐங்கரன் அதைப் பிடித்துக்கொண்டு வரப்போகும் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக அறிவித்தான். பத்தாம் இலக்கம், ஐங்கரன் சிவகுருநாதன். பதினோராம் இலக்கமும் அவன்தான். கோல் காப்பாளர், அக்கா.

பிறகுதான் புல்லுக்கு இறங்கினார்கள். அது புல் இல்லை. விரல் நீளப் பச்சைப் பிளாஸ்டிக் இழைகள், இழைகளுக்கு நடுவே அரிசிக் குறுணி அளவில் கறுப்பு ரப்பர் துகள்கள். வெயிலில் அது பேருந்துச் சக்கரம் போல மணத்தது. வெறுங்காலை வைத்தால் சுட்டது. பந்து அதில் குதிக்கிற மாதிரியும் ஓடுகிற மாதிரியும் வேறெங்கும் இல்லை. மெல்லத் தட்டினாலும் எங்கோ போய்விடும். விழுந்தால் முழங்கால் தோல் தீயில் பட்டது போல உரியும். ஐங்கரன் முழந்தாளிட்டு விரலால் தோண்டினான். கறுப்புத் துகள், அதற்குக் கீழே மணல், அதற்கும் கீழே பசை பூசிய தடித்த துணி. அதற்கு மேல் தோண்ட முடியவில்லை.

"அக்கா, இதுக்குள்ள புழுவே இல்லை" என்றான். ஏமாற்றப்பட்டவனைப் போல அவளை நிமிர்ந்து பார்த்தான்.

ஐந்து கிழமை போனார்கள். அந்த வெற்று மைதானத்தில்தான் தக்சாயினி வாய்விட்டுக் கத்தினாள். அறைக்குள் பக்கத்து அறைக்காரருக்குக் கேட்குமென்று அடக்கிப் பேசியவள், வகுப்பில் உச்சரிப்புக்குச் சிரிப்பார்கள் என்று பேசாமலே இருந்தவள், கோல் கம்பத்துக்கு நடுவில் நின்று, "அடியடா பாப்பம், சோத்துக்காலா" என்று கத்துவாள். குரல் போய் வெற்றுப் படிகளில் மோதித் திரும்பி வரும். அது தன் குரல்தானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருக்கும்.

வீட்டுக்குப் போகுமுன் வேலிக்கு வெளியே நின்று காலுறைகளைக் கழற்றி உதறுவார்கள். எப்படி உதறினாலும் பத்துத் துகள்கள் மிஞ்சும்.

மைதானத்தின் ஓரத்தில் பயிற்சிக்கான சின்னக் கோல் கம்பங்கள் நின்றன. தள்ளிக்கொண்டு போகக்கூடியவை. அதன் குறுக்குக் கம்பியில் தொங்கி ஆட வேண்டும் என்பது ஐங்கரனின் ஆசை. தொலைக்காட்சியில் யாரோ கோல் அடித்த பிறகு அப்படித் தொங்கியதைப் பார்த்திருந்தான். எட்டாது. ஒவ்வொரு நாளும் தூக்கிவிடச் சொல்லிக் கேட்பான். ஒவ்வொரு நாளும் அவள் மாட்டேன் என்பாள். அன்றைக்கு அவன் மூன்று கோல் அடித்திருந்தான். மூன்றுக்கும் பரிசாக ஒரு தரம் தொங்கக் கேட்டான். அவள் இடுப்பில் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

அவன் பிடித்தான், ஆடினான், சிரித்தான். இரண்டாம் ஆட்டத்தில் கோல் கம்பம் முழுவதுமாக முன்னால் கவிழ்ந்தது. அவன் முதலில் விழுந்தான். கம்பி அவனுக்குப் பிறகு வந்தது, காதுக்கு மேலே.

இரத்தம் வரவில்லை. பச்சையில் மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது, அவளைப் பார்க்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் எண்ணத் தொடங்கினாள். ஏன் எண்ணினாள் என்று இன்றைக்கும் தெரியாது. செய்வதற்கு வேறொன்றும் இருக்கவில்லை. நாற்பத்தொன்றில் அவன் கண்ணிமைத்தான். "கோலா?" என்று கேட்டான்.

படிவரிசைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். தண்ணீர்க் குழாயில் முகம் கழுவிவிட்டாள். வரும் வழியில், ஹைம் படிக்கட்டில் விழுந்ததாகச் சொல்ல வேண்டும் என்று இருவரும் பேசிவைத்தார்கள். அவனுக்கு அது இன்னுமொரு விளையாட்டாக இருந்தது.

வீட்டில் இரண்டாம் முறை வாந்தி எடுத்தபோது சிவகுருநாதன் அவனைத் தூக்கிக்கொண்டு டிராமுக்கு ஓடினார். தக்சாயினியும் ஓடினாள். அவள் இல்லாமல் அங்கே யார் பேசுவது?

டொக்டர் இளைஞர். களைத்த கண்கள், ஆனால் நல்ல மனிதர். ஐங்கரனின் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், மூக்கைத் தொடச் சொன்னார். எப்படி நடந்தது என்று கேட்டார். படியில் விழுந்தவன் என்று சொல் என அதை நம்பியிருந்த அப்பாவே சொன்னார், அவள் சொன்னாள். அதுவரை பொய் அவளுடையது மட்டும் இல்லை.

அடுத்ததாக டொக்டர், ஒரு கணமாவது நினைவு தப்பினதா என்று கேட்டார்.

ஓம் என்று சொன்னால் எவ்வளவு நேரம் என்று கேட்பார். யார் பார்த்தது என்று கேட்பார். ஹைமின் காவலாளியை விசாரிப்பார்கள், படியில் ஒருவரும் விழவில்லை என்று அவர் சொல்லுவார். பிறகு மைதானம், பிறகு பலகை, பிறகு பொலிஸ், பிறகு விமானம். பதின்மூன்று வயதில் அவளால் அந்த விமானத்தின் படி வரைக்கும் தெளிவாகப் பார்க்க முடிந்தது.

"நைன்" என்றாள், இல்லை என்று.

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். "என்னவாம்?"

அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. "சாப்பிட்டவனோ எண்டு கேக்கிறார்."

"ஓம், சோறும் பருப்பும் சாப்பிட்டவன் எண்டு சொல்லு."

அவள் டொக்டரிடம் திரும்பினாள். அங்கேயும் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. அப்பா உங்களுக்கு நன்றி சொல்கிறார் என்று ஜெர்மனில் சொன்னாள். டொக்டர் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

கவனிக்க வேண்டியவற்றை ஒரு தாளில் தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் விடியுமுன் ஐங்கரனுக்கு வலிப்பு வந்தது. மண்டையோட்டுக்குள் இரத்தம் கட்டியிருந்தது. அறுவை செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். அதற்கு மேல் ஏலவில்லை.

நோயாளிப் பிள்ளையை நாடு கடத்த முடியாது என்று அதே வருடம் வழக்கு நின்றது. பிறகு வதிவிட அனுமதி கிடைத்தது. தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில், "அந்தப் பெடியனாலதானே இவையளுக்கு விசா வந்தது" என்று ஒரு பெண் இன்னொருத்திக்குச் சொன்னதைத் தக்சாயினி பின்வரிசையிலிருந்து கேட்டாள். சொன்னவளில் கோபம் வரவில்லை. சொன்னது உண்மை.

*

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்த மைதானத்துக்குப் போனாள். நகரத்தில் எங்கே போவதென்றாலும் அந்தத் தெருவைத் தவிர்க்கும் வழி ஒன்றை இவ்வளவு நாளும் வைத்திருந்தாள்.

வேலி அகலத் திறந்திருந்தது. உள்ளே இயந்திரங்கள். புல்லை நீளப் பட்டைகளாக வெட்டிப் பாய் போலச் சுருட்டி அடுக்கியிருந்தார்கள். பாதி மைதானம் வெறும் சாம்பல் நிறத் தரை. கறுப்புத் துகள்களை உறிஞ்சி ஆளுயரமான வெள்ளைப் பைகளில் கட்டியிருந்தார்கள். பயிற்சிக் கோல் கம்பங்கள் சுவரோரமாக நின்றன. இப்போது ஒவ்வொன்றின் காலிலும் கொங்கிரீட் பாரம், குறுக்குக் கம்பியில் தொங்க வேண்டாம் என்று படம் போட்ட அறிவித்தல். அவை எப்போது வந்தன என்று அவளுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

செம்மஞ்சள் சட்டை போட்ட தொழிலாளி ஒருவர் அவளைக் கண்டு வந்தார். இங்கே விளையாடியவளா என்று கேட்டார். இரண்டு நாளாகப் பழைய மாணவர்கள் வந்து ஞாபகத்துக்கு ஒவ்வொரு துண்டு கேட்டு வாங்கிப் போகிறார்களாம். புதிய புல்லில் ரப்பர் இல்லை, தக்கைத் துகள்தான் என்றார். ஓம், விளையாடியிருக்கிறேன் என்று அவள் சொன்னாள். அவர் கத்தியால் உள்ளங்கை அளவில் ஒரு துண்டு வெட்டிக் கையில் தந்தார். முழங்கால் தோலைக் கொஞ்சம் விட்டுவிட்டுப் போயிருப்பாய் என்று பகிடியும் விட்டார். அவள் நன்றி சொன்னாள். நன்றி என்ற அந்த ஜெர்மன் சொல்லை அவள் எப்போதும் விரைவாகச் சொல்லி முடித்துவிடுவாள்.

வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றியபோது துகள்கள் தரையில் கொட்டின. அம்மா ரஞ்சினி தும்புத்தடியோடு வந்தவள் குனிந்து ஒன்றை எடுத்து விரலில் உருட்டினாள்.

"அந்த வருசம் முழுக்க உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குள்ள இதுதான் கிடந்தது" என்றாள். "நீங்கள் அங்கை போறது எனக்குத் தெரியும். ஒரு அறைக்குள்ள பிள்ளையளை எத்தினை நாள் அடைச்சு வைக்கிறது?"

தக்சாயினி அங்கேயே, சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தாள். கோல் கம்பத்தையும் நாற்பத்தொன்றையும் டொக்டரின் கேள்வியையும் சொன்னாள். சின்னக் குரலில், வரிசைப்படி, ஆய்வறிக்கை போலச் சொன்னாள். தூக்கிவிட்டதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. ரஞ்சினி தும்புத்தடியைப் பிடித்தபடியே கேட்டாள். அழவில்லை.

"அப்பாவுக்குச் சொல்லாதை" என்றாள் கடைசியில். "அந்த மனுசனுக்கு இது ஒண்டுதான் மிஞ்சிக் கிடக்குது. டொக்டரைப் பேசிப் பேசித்தான் காலமை எழும்பி வேலைக்குப் போறார். அதையும் எடுத்தியெண்டா என்னத்தோட எழும்புறது?"

"லோயர் கேப்பா, அம்மா. மூண்டாம் பக்கத்தில இருக்குது."

"கேட்டா நீதானே அப்பாவுக்குச் சொல்லப்போறாய்." அம்மா அவளைப் பார்க்காமல் துகள்களைக் கூட்டத் தொடங்கினாள். "வேற ஏதாவது சொல்லு."

அது நடக்கக்கூடியதுதான். மிகவும் சுலபமானது. ஒருமுறை செய்த வேலை.

அறைக்குள் போனபோது ஐங்கரன் அவள் கையிலிருந்ததைக் கண்டான். இடது கையை நீட்டினான். கொடுத்தாள். அவன் துண்டை மடியில் வைத்துத் தடவினான், மூக்கில் வைத்து மணந்தான், பிறகு கவிழ்த்துப் பின்பக்கத்தின் கறுப்புத் துணியைப் பெருவிரலால் சுரண்டினான். மெதுவாக, வழக்கம்போல ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"புழு." நெடுநேரம் காத்திருந்தாள். "இல்லை."

அவளைப் பார்த்துச் சிரித்தான். வேறெதுவும் அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. கேட்கப் பயந்தாள்.

*

வழக்கறிஞரின் பெயர் கெஸ்லர். நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டிய பெண். இவ்வளவு காலம் கடந்த பிறகு வழக்குப் போட முடியுமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்றார். தக்சாயினி அதை அப்பாவுக்குச் சொன்னாள். சிவகுருநாதன் கோவிலுக்குப் போகும்போது போடும் மேலங்கியைப் போட்டு வந்திருந்தார். இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

கெஸ்லர் மூன்றாம் பக்கத்தை எடுத்தார். மஞ்சள் மையால் கோடிட்டிருந்தது. இந்த இரண்டு வரிகளும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை என்றார். வீட்டுப் படிக்கட்டில் விழுந்த பிள்ளையின் தலையில் ரப்பர் துகள் எப்படி வந்தது என்று உங்கள் தந்தையிடம் கேளுங்கள். நினைவு தப்பவே இல்லையா என்றும் கேளுங்கள்.

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். "என்னவாம்?"

அதே பார்வை. பிள்ளை சொல்லும், பிள்ளைக்குத் தெரியும் என்ற பார்வை. தக்சாயினி அப்பாவுக்குப் பதில் சொல்லாமல் கெஸ்லரிடம் திரும்பினாள். ஜெர்மனில் சொன்னாள். மைதானம், கோல் கம்பம், நாற்பத்தொன்று. டொக்டர் கேட்டார், நான் இல்லை என்றேன், அந்தக் கேள்வியை அப்பாவுக்குச் சொல்லவே இல்லை. குரல் நடுங்கவில்லை. ஜெர்மனில் எதையும் சொல்லலாம். அது வீட்டுக்குள் நுழையாத மொழி.

கெஸ்லர் பேனையைக் கீழே வைத்தார். உங்கள் தந்தைக்கு இது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றாள். ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைத்ததும், தாதி கண்டதை எவரும் திரும்பக் கேட்காததும் மருத்துவமனையின் தவறாகக் கொள்ளப்படலாம் என்று கெஸ்லர் நிதானமாகச் சொன்னார். ஆனால் உங்கள் தந்தை இதை அறிந்தாக வேண்டும், இப்போதே, இங்கேயே. நான் காத்திருக்கிறேன்.

தக்சாயினி தமிழில் சொன்னாள். தமிழில் அது மிகவும் சின்னதாக இருந்தது. ஐந்தாறு வசனம். சொல்லும்போது அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவகுருநாதன் அசையவில்லை. கையை முழங்காலிலிருந்து எடுக்கவில்லை. திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள், எழுந்து போவார் என்று எதிர்பார்த்தாள். பொலிஸ், விமானம் என்று அவர் சொன்ன சொற்களை அவரே நினைத்துப் பார்ப்பார் என்றும் ஒரு மூலையில் எதிர்பார்த்தாள்.

"சாப்பிட்டவனோ எண்டு கேட்டவர் எண்டு நீ சொன்னனி" என்றார்.

"ஓம்."

"நான் சோறும் பருப்பும் எண்டு சொன்னனான்."

"ஓம் அப்பா. நான் அதை அவருக்குச் சொல்லேல்லை."

கெஸ்லர் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவர் ஏன் சிரிச்சவர்?"

"நீங்கள் நன்றி சொல்லுறியள் எண்டு சொன்னனான்."

சிவகுருநாதன் மேசையிலிருந்த தாளைப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து இல்லை அது. நிறுத்தி நிறுத்தி, பெயர்களையும் திகதிகளையும் வாசிப்பார். விரலை வைத்து மஞ்சள் கோட்டின் மேல் மெல்ல நகர்த்தினார். சகோதரி என்ற சொல்லில் விரல் நின்றது. அந்தச் சொல் அவருக்குத் தெரியும்.

டிராமில் அவர் முன் இருக்கையில் உட்கார்ந்தார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அவள் பின்னால் நின்றுகொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் கடிதங்கள் வந்தால் மேசையில் பிரிக்காமல் கிடந்தன. விருந்தினர் வந்தால் அந்தக் கதையை அவர் சொல்லவில்லை. காலமை எழும்புவதற்கு முன்னைவிட நேரம் எடுத்தது; இரண்டு தரம் வேலைக்குப் பிந்திப் போனார். அம்மா மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு மகளைப் பார்ப்பாள். அந்தப் பார்வையே போதுமாக இருந்தது.

ஐந்து கிழமை கழித்து இரண்டாவது டெர்மின். இந்த முறை தக்சாயினி சாட்சி. அவள் வேலையிடத்திலிருந்து நேரே போனாள். கெஸ்லரின் அறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் கொட்வின் உட்கார்ந்திருந்தார். அலுவலகங்களிலும் நீதிமன்றத்திலும் மொழிபெயர்ப்பதைத் தொழிலாகச் செய்பவர். அவளைக் கண்டதும், "என்ன தங்கச்சி, சுகமோ" என்று கேட்டுவிட்டு, அந்த அறையில் இருந்த ஏதோ ஒன்றை உணர்ந்தவராகக் குனிந்து தன் தாள்களை அடுக்கினார்.

கெஸ்லர் தொடங்குமுன் சிவகுருநாதன் கொட்வின் பக்கமாகச் சாய்ந்தார்.

"ஒரு சொல்லும் விடாதேங்கோ தம்பி."

கெஸ்லர் முதலிலிருந்து கேட்டார். வேலி, எத்தனை மணி, வேறு யாராவது இருந்தார்களா. தக்சாயினி ஜெர்மனில் பதில் சொன்னாள். ஒவ்வொரு பதிலுக்கும் கொட்வின் தாழ்ந்த குரலில் தமிழ் சொன்னார். அப்பா முகத்தை அவர் பக்கம் திருப்பி, காதைக் கொடுத்துக் கேட்டார். அவள் மூன்று அடி தூரத்தில் இருந்தாள்.

எட்டாத கம்பியை ஒன்பது வயதுப் பிள்ளை எப்படிப் பிடித்தது என்று கெஸ்லர் கேட்டார்.

இதை அவள் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. அம்மாவுக்கும் இல்லை.

"நான் தூக்கிவிட்டேன்" என்று ஜெர்மனில் சொன்னாள். "அவன் ஒவ்வொரு நாளும் கேட்டான். அன்றைக்கு நான் தூக்கிவிட்டேன்."

கொட்வின் குறிப்பெழுதிய பேனையை நிறுத்தினார். அவளைப் பார்த்தார். கெஸ்லரைப் பார்த்தார். மீண்டும் அவளைப் பார்த்தார்.

"என்னவாம்?" என்று சிவகுருநாதன் அவரிடம் கேட்டார்.

சொல்லுங்கோ அண்ணை என்று தக்சாயினி தலையசைத்தாள். கொட்வின் அவள் சொன்ன இரண்டு வசனத்தையும், ஒரு சொல்லும் விடாமல், அவளுடைய அப்பாவுக்குத் தமிழில் சொல்லத் தொடங்கினார்.